விரித்த கை

வாரத்துக்கு இருபத்திரண்டு பாடவேளை, தங்க ஓர் அறை, உடம்பு சரியில்லாவிட்டால் விடுப்பு என்று ஆங்கில ஆசிரியை ரொவீனாவின் ஒப்பந்தம் பதினான்கு பக்கம் நீண்டது. பிள்ளைகளுக்குப் பொய் பழக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதை அவள், உடன் பாடம் நடத்தும் ஹேரிமிடம் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

ஹேரிம் நிமிரவில்லை. மடிக்கணினியில் பாடத்திட்டத்தைத் தட்டிக்கொண்டே, "பொய் இல்ல, ஒத்திகை" என்றாள்.

அக்டோபர் கடைசி வாரத்தில் ஐந்தாம் வகுப்பின் ஆங்கிலப் பாடத்தைப் பார்க்கப் பெற்றோர் வருவார்கள். ஆண்டுதோறும் நடப்பதுதான். பின்சுவரை ஒட்டித் தாய்மார்கள் உட்காருவார்கள். அவர்களோடு துணைத் தலைமையாசிரியர் மேங், மதிப்பெண் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அந்த நாற்பது நிமிடத்தை முன்கூட்டியே மூன்று முறை நடத்திப் பார்த்துவிட வேண்டும். அதே கேள்வி, அதே படம், அதே இடத்தில் அதே சிரிப்பு. கேள்வி கேட்டவுடன் பத்தொன்பது பேரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் விரலை விரித்துத் தூக்குவார்கள், தெரியாதவர்கள் முஷ்டியாக மூடித் தூக்குவார்கள். டீச்சர் விரித்த கையாகப் பார்த்துக் கூப்பிட வேண்டியது. ஹேரிம் படித்த பள்ளியிலும் இப்படித்தான் நடந்தது. அவளுக்கு இதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை.

"எங்க ஊர்ல பதில் தெரியலைன்னா கையைத் தூக்க மாட்டோம்" என்றாள் ரொவீனா.

"இங்க தூக்கலைன்னா எனக்கு வேலை போயிடும்."

அது சும்மா சொன்ன பேச்சு இல்லை. ஹேரிம் அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பிள்ளை பெறப் போன வேறொருத்தியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அரசு ஆசிரியர் தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றவள். அந்த வேறொருத்தி இன்னும் ஓராண்டு விடுப்பை நீட்டித்துவிட்டாள். ஆக, புதுப் பள்ளியாண்டு தொடங்கும் மார்ச் மாதம் அந்த நாற்காலி மறுபடி காலி. அதில் ஹேரிமையே வைப்பதா, புதிதாக ஆள் எடுப்பதா என்பதை மேங்தான் முடிவு செய்வார். அவர் கையில் இருக்கப்போகும் ஒரே காகிதம் அந்த நாற்பது நிமிடத்தின் மதிப்பெண் தாள்.

ரொவீனாவின் ஊர் கேப் டவுனுக்கு அப்பால், மலை தாண்டி, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. அம்மா பொட்டலக் கூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ஆப்பிளைத் தரம் பிரிக்கிறாள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் ரொவீனாதான். படிப்புக்காகப் பட்ட பாட்டில் அவளுக்கு வந்த ஒரே சொத்து கோபம். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கல்லூரியில் முதல் ஆண்டு முழுக்கத் தெரியாது, தெரியாது என்று கை தூக்கிச் சொல்லியே படித்தவள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் தேறவில்லை.

ஆனால் கொரியாவின் இந்தத் துறைமுக ஊருக்கு வந்த பதினைந்து மாதங்களில் அவளை உயிரோடு வைத்திருந்ததே ஹேரிம்தான். வங்கிக் கணக்கு, பல் வைத்தியர், தரைச் சூடு ஏற்றும் கருவி எல்லாம் அவள் பொறுப்பு. ஆரஞ்சுத் தோல் சாப்பாட்டுக் குப்பையில் சேரும், கோழி எலும்பு சேராது என்பதை நான்கு முறை சொல்லிக் கொடுத்தவள். ஐந்தாவது முறை கட்டடக் காவலாளி பையைப் பிரித்துக் காட்டித் திட்டியபோது, "அது என் எலும்புதான், நேத்து சாப்பிட வந்தேன்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவள். இவற்றுக்கெல்லாம் அவளுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. வெளிநாட்டு ஆசிரியைக்குத் துணையாகப் போடப்பட்ட ஆசிரியையின் தலையில் தானாக வந்து விழும் வேலை அது.

"மூணு ஒத்திகை" என்றாள் ரொவீனா கடைசியில். "நாலாவது கேட்டா கத்துவேன்."

"நீ எப்பவும் கத்தத்தான் செய்யுற" என்றாள் ஹேரிம்.

பாடம், தொழில்கள். படத்தைக் காட்டி இவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்க வேண்டும். செவிலி, தீயணைப்பு வீரர், சமையல்காரர், மீனவர் என்று எட்டுப் படம். பிள்ளைகளுக்கு இந்தக் கை விளையாட்டு முதல் நாளே பிடித்துப்போயிற்று. கை மூடியவர்களுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற நிம்மதி, விரித்தவர்களுக்குப் பெருமை. தேராங் என்ற பையன் எட்டுப் படத்துக்கும் கையை விரித்தான். யூஜு என்ற பெண் எட்டுக்கும் மூடினாள். முதல் ஒத்திகையிலும் மூடினாள், மூன்றாவதிலும் மூடினாள். ஜன்னல் ஓரம் மூன்றாவது வரிசை. முடியை இறுக்கிப் பின்னி, யாரையும் பார்க்காமல், நேராக மேலே தூக்கிய சின்ன முஷ்டி. ரொவீனாவின் கண் ஒவ்வொரு முறையும் அந்த முஷ்டியைத் தாண்டித்தான் அடுத்த கைக்குப் போயிற்று. தாண்டிப் போவது எவ்வளவு சுலபமாகப் பழகிவிட்டது என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

அன்று தாய்மார்கள் பதினாறு பேர் வந்தார்கள். எல்லோரும் வாசலில் செருப்பை மாற்றி, நல்ல மேல்கோட்டில், மெல்லிய வாசனையோடு வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக ஒரு பெண் ஓடி வந்தாள். மேல்கோட்டுக்கு அடியில் வேலைக்குக் கட்டும் ரப்பர் ஏப்ரனின் விளிம்பு தெரிந்தது. துறைமுகத்தில் கணவாய் மீனைக் கிழித்துச் சுத்தம் செய்கிறவள். யூஜுவின் அம்மா. மகள் பள்ளியில் சேர்ந்து ஐந்தாண்டில் அவள் வகுப்புக்குள் வருவது இதுதான் முதல் தடவை. எந்த நாற்காலி என்று தெரியாமல் நின்றவளை மேங் எழுந்து தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

ரொவீனா செவிலியின் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

பத்தொன்பது கையும் எழுந்தன. பத்தொன்பதும் விரிந்திருந்தன.

ரொவீனா ஹேரிமைப் பார்த்தாள். கணினி அருகே நின்ற ஹேரிமின் முகத்தில் ரத்தம் இல்லை. இருவருக்கும் ஒரே நொடியில் விளங்கியது. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். மூடிய கைக்கு என்ன அர்த்தம் என்பது பின்சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். தெரியாதவர் அந்த அறையில் மேங் ஒருவர்தான். இனி எந்தப் பிள்ளை தன் அம்மாவுக்கு முன்னால் முஷ்டியை மூடும்?

சமாளிக்க வழி இருந்தது. ஒத்திகையில் யார் யார் சொன்னார்களோ அவர்களையே கூப்பிட்டால் போதும். ரொவீனா அதைத்தான் செய்தாள். தேராங் செவிலியைச் சொன்னான். இன்னொருத்தி தீயணைப்பு வீரரைச் சொன்னாள். மேங்கின் பேனா தாளில் திருப்தியாக ஓடியது. ஆறு படம் அப்படியே கடந்துவிட்டது. ஏழாவது படம் மீனவர்.

ஜன்னல் ஓரம் யூஜு நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தாள். கை தோளோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் போல நீண்டிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விரிந்திருந்தன. அப்பா படகில் போகிறவர், அம்மா கணவாய் கிழிக்கிறவள். இந்த ஒரு வார்த்தை அவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும் என்று ரொவீனா நினைத்தாள். இப்படி ஒரு கையை மூன்று ஒத்திகையில் தாண்டிப் போனோமே என்று உள்ளே குத்தியது. அந்த நொடியில் அவளுக்கு மேங் நினைவில் இல்லை, மதிப்பெண் தாள் நினைவில் இல்லை, மன்னிக்க முடியாத விதத்தில் ஹேரிமும் நினைவில் இல்லை.

"யூஜு" என்று கூப்பிட்டாள்.

யூஜு எழுந்து நின்றாள். கை மெல்லக் கீழே இறங்கியது. வாய் திறந்தது, மூடியது. ரொவீனா காத்திருந்தாள். பதிலுக்கு அவகாசம் கொடு, பிள்ளையை அவசரப்படுத்தாதே என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததை நம்பிக் காத்திருந்தாள். நேரம் போகப்போக அது அவகாசமாக இல்லை, தண்டனையாக ஆயிற்று. சுவர்க் கடிகாரம் கேட்டது. ஒரு தாய் இருமினாள். யூஜுவின் காது மடல் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது.

தேராங் கெட்ட பையன் இல்லை. நடைமுறையில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதாக நினைத்துத்தான் சொன்னான். "டீச்சர், யூஜு கையை மூடித்தானே தூக்கணும்?"

பின்சுவர் ஓரம் சிரிப்பு கிளம்பி, உடனே பல கைகளால் பொத்தப்பட்டது. யூஜுவின் அம்மா சிரிக்கவில்லை. மேங் பேனாவை நிறுத்தினார். மூடுவது என்றால் என்ன என்று மறுபக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுப்பாகக் கேட்டார். அவருக்கும் தெரிந்ததுதானே என்ற எண்ணத்தில் அவள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். ரொவீனா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹேரிம்தான் முன்னால் வந்து, எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்று வகுப்பைச் சேர்த்துக் கத்த வைத்தாள். அந்தக் கூச்சலுக்குள் யூஜு உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு யூஜுவின் அம்மா நின்றாள். இரண்டு முறை இடுப்பு வளையக் குனிந்தாள். பிள்ளை வீட்டில் படிப்பதில்லை, தான் வீடு திரும்ப நேரமாகிவிடுகிறது, டீச்சர்களுக்குச் சிரமம் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பாதி காய்ந்த கணவாய், பத்து. அவளே காய வைத்தது.

வாங்கக் கூடாது. பெற்றோரிடம் ஆசிரியர் ஒரு காபி வாங்கிக் குடித்தாலும் சட்டப்படி குற்றம். ஹேரிம் இரண்டு கையாலும் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து, மன்னிக்கணும், வாங்க முடியாது என்றாள். சட்டத்தைப் பற்றித்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் விழுந்தது வேறு. என் பிள்ளை பதில் சொல்லாததால் என் கையால் காய வைத்ததும் வேண்டாம் என்கிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டது ரொவீனாவுக்கே தெரிந்தது. விளக்கிச் சொல்ல ஹேரிம் வாயெடுப்பதற்குள் அவள் மறுபடி குனிந்து, பொட்டலத்தை மேல்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

ரொவீனா யூஜுவைச் செருப்பு அலமாரி அருகே பிடித்தாள். தன் அரைகுறைக் கொரியனில் மன்னிப்புக் கேட்டாள். கூப்பிட்டிருக்கக் கூடாது என்றாள். யூஜு ஷூ நாடாவைக் கட்டி முடித்த பிறகுதான் பேசினாள்.

"நீங்க என்னை எப்பவும் கூப்பிட மாட்டீங்களே டீச்சர். அந்தத் தைரியத்துலதான் தூக்கினேன்."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்லும் குரல். அம்மா வெளியே நிற்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரொவீனா அந்த அலமாரி முன்னால் வெறுங்காலோடு நின்றாள். பொய்யை ஏற்பாடு செய்தது ஹேரிம் என்று இத்தனை நாள் கோபப்பட்டாளே, அந்தப் பெண்ணைத் தாண்டித் தாண்டிப் போனது யாருடைய கண்?

அன்று மாலைக்குள் ஒரு தாய் கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்து புகார் சொல்லிவிட்டாள். யார் என்று தெரியவில்லை. மறுநாள் காலைக்குள் என்ன நடந்தது என்று இருவரும் எழுதித் தர வேண்டும் என்றார் மேங். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஹேரிம் எழுதவில்லை. நேரில் சொல்லிவிடுவேன், எல்லாம் என் ஏற்பாடு என்று சொல்லப்போகிறேன் என்றாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள். நவம்பரில் நான்காவது முறை தேர்வு எழுதப்போகிறவள். அதில் தேறாவிட்டால் இருக்கும் ஒரே பிடிமானம் இந்த நாற்காலி. அதையும் தானே தள்ளிவிடப் போகிறாள்.

ரொவீனா தன் அறைக்குப் போய், சோறு வைக்காமல், ஒரு பக்கம் எழுதினாள். ஆங்கிலத்தில். கைகளை விரித்தும் மூடியும் தூக்கச் சொன்னது தன் யோசனை. தன் நாட்டில் கூச்சமுள்ள பிள்ளைகளுக்காகச் செய்யும் முறை. ஹேரிம் டீச்சர் வேண்டாம் என்று தடுத்தும் தான் பிடிவாதமாகச் செய்தது. முதலிலிருந்து முடிவு வரை பொய். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். நன்றாகவே இருந்தது. அவளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

காலையில் ஆசிரியர் அறையின் கோடியில் மேங்கின் மேசை முன்னால் இருவரும் நின்றார்கள். அவர் தாளை வாங்கி, ஒரு பார்வை பார்த்து, ஹேரிமிடம் நீட்டினார். "என்ன எழுதியிருக்காங்கன்னு சொல்லுங்க."

இதை ரொவீனா யோசித்திருக்கவில்லை. அந்தப் பள்ளியில் அவள் எழுதும் எதையும் மொழிபெயர்ப்பவள் ஹேரிம்தானே. ஹேரிம் தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு அதைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"கை விஷயம் முழுக்க என்னோட ஏற்பாடுன்னு எழுதியிருக்காங்க சார். அவங்க வேண்டாம்னு சொன்னாங்களாம். நான்தான் கட்டாயப்படுத்தினேனாம். அது உண்மை."

பதினைந்து மாதத்தில் இந்த அளவு கொரியன் ரொவீனாவுக்குப் புரியும். "இல்லை" என்றாள் சத்தமாக. எதிர் மேசையில் இருந்த இரண்டாம் வகுப்பு டீச்சர் தலையைக் குனிந்து இன்னும் தீவிரமாகத் தட்டச்சு செய்தாள்.

மேங் தாளைத் திரும்ப வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலை வரிக்கு வரி நகர்த்தி, உதடசைத்துப் படித்தார். மெதுவாகத்தான் படித்தார், ஆனால் கடைசிவரை படித்தார்.

"எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் வராது" என்றார்.

பிறகு மேசை மேலிருந்த கண்ணாடிப் பலகையைத் துடைத்தார். கல்வி அலுவலகத்துக்குத் தன்னால் ஒரு காகிதத்தைத்தான் அனுப்ப முடியும் என்றார். இந்தத் தாளை அனுப்பினால் ரொவீனா டீச்சரின் மதிப்பெண் குறையும், பிப்ரவரியோடு இந்தப் பள்ளியில் மறு ஒப்பந்தம் கிடையாது, மலைப் பக்கம் ஏதாவது ஊருக்கு மாற்றுவார்கள். ஹேரிம் டீச்சர் சொன்னதை எழுதி அனுப்பினால் மார்ச்சில் அந்த நாற்காலியில் வேறு ஆள். இரண்டில் எது என்று தான் முடிவு செய்ய விரும்பவில்லை.

"அவங்க எதுக்குச் சம்மதம்னு கேட்டுச் சொல்லுங்க."

"கேக்க மாட்டேன் சார்" என்றாள் ஹேரிம்.

மேங்கிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இரண்டாம் வகுப்பு டீச்சரின் தட்டச்சு நின்றது.

மலைப் பக்கம் என்றால் ரொவீனாவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கடல் தெரியும் ஜன்னல், முதுகு தேய்த்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பொதுக் குளியல் கூடத்துப் பெண், புதன்கிழமை வாலிபாலில் பந்தை வலையில் அடித்தாலும் பரவாயில்லை பரவாயில்லை என்று கத்தும் ஆசிரியர்கள், எல்லாம் போய்விடும். மறுபடி புது ஊர், புதுக் குப்பைப் பை. ஆனால் அவளுக்கு வேறு ஊர் கிடைக்கும். ஹேரிமுக்குக் கிடைக்காது. இந்தக் கணக்கில் தியாகம் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. கூப்பிட்டது அவள் வாய்.

தன் மழலைக் கொரியனில், "என் தாள்" என்றாள். மேசையில் அதைச் சுட்டியும் காட்டினாள்.

மேங் தாளில் இரண்டு துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார். பிறகு, யூஜுவின் அம்மாவுக்குத் தானே போன் செய்து கணவாய் விஷயத்தைச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். டீச்சர்கள் கோபமாக இல்லை, சட்டம் அப்படி என்று. அவள் அழுதாளாம். முதல் மணி அடித்துவிட்டது, போங்கள் என்றார்.

நடைவழியில் ஹேரிம் ரொவீனாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் கேட்டேனா உன்னை?"

"கேக்கல."

"வாழ்க்கையில முதல் தடவையா மேல இருக்கிற ஆள்கிட்ட உண்மையச் சொன்னேன். அதையும் கெடுத்துட்ட."

"பரீட்சையில பாஸ் பண்ணு அக்கா. அப்புறம் தினமும் சொல்லு."

ஹேரிம் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வந்து, உன் வீட்டு வாசலில் அட்டைப் பெட்டியை மடிக்காமல் போட்டிருக்கிறாய் என்று காவலாளி போன் செய்தார் என்று திட்டினாள். அதிலிருந்து பேச்சு தொடங்கியது. வகுப்பில் கை தூக்குவதையே நிறுத்திவிட்டு, பெயர் எழுதிய சீட்டை எடுத்துக் கூப்பிட்டார்கள். யூஜுவின் பெயர் வந்தபோதெல்லாம் பாதி நாள் தெரியாது என்றாள், பாதி நாள் சொன்னாள். தேராங்கும் ஒருநாள் தெரியாது என்று சொல்ல வேண்டிவந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நவம்பரில் ஹேரிம் தேர்வு எழுதினாள். பிப்ரவரியில் முடிவு வந்தது. தோற்றுவிட்டாள், ஒன்றரை மதிப்பெண்ணில். அதே வாரம் மேங் அவளைக் கூப்பிட்டு மார்ச் மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரையைக் குத்தச் சொன்னார். குத்தினாள். அதே வாரம்தான் ரொவீனாவுக்கும் மாற்றல் கடிதம் வந்தது. தேபெக், மலை மேல், பழைய சுரங்க ஊர். அங்கே ஏப்ரலிலும் பனி பெய்யும் என்றார்கள்.

பேருந்து நிலையத்துக்கு ஹேரிம் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். வழி முழுக்க, புது வீட்டுத் தரைச் சூட்டை இரவில் அணைத்தால் குழாய் உறைந்து வெடிக்கும், வெடித்தால் நான் வந்து பார்க்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ரொவீனா கட்டிக்கொள்ளப் போனபோது, பெட்டியின் பிடியை மடக்கும் சாக்கில் குனிந்துகொண்டாள். ரொவீனா ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கதவு மூடும் நேரத்தில் ஹேரிம் படியில் ஏறி ஓட்டுநரிடம் பேசினாள்.

"அந்தப் பொண்ணு அஞ்சே நிமிஷத்துல தூங்கிடுவா. தேபெக் வந்ததும் எழுப்பி இறக்கி விடுங்க. எழுப்பினா கத்துவா, கண்டுக்காதீங்க."